தூக்கத்துக்குக் காவல்

செரி, செரி. நீங்க வாயில வெரலை வெக்கறது தெரியுது கண்ணு. ஊட்டுக்காரரு தூங்கறாரு, அதானே? நான் மெதுவாத்தான் பேசறேன். எனக்கு இதுதான் மெதுவுங்க. கலியாணம் ஆன நாள்லருந்து தறி குடோன்ல கத்திக் கத்திப் பேசுன தொண்டை, இதுக்கு மேல அடங்க மாட்டேங்குது. அவரு தூங்கட்டும். நைட் ஷிப்டுங்களா? பனியன் கம்பெனியா? அப்படிச் சொல்லுங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியும்னு சொல்லலாம்னா, மூஞ்சியை பஸ் ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாரு. தோளைப் பாத்தாலே போதும். ராத்திரி பூரா நின்னு வேலை செஞ்ச ஆளோட தோளு இப்படித்தான் தொங்கும்.

ஒண்ணு மட்டும் கண்ணு. நீங்க எதாச்சும் சொன்னீங்கன்னா என்னைப் பாத்துச் சொல்லுங்க. காது மந்தமெல்லாம் இல்லைங்க. எங்க நாத்தனா அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. தறிக்காரங்களுக்கு அது பழக்கம். குடோன்ல அத்தனை தறி ஓடறப்ப எவ பேசறது எவளுக்குக் கேட்கும்? வாய் அசையறதைப் பாத்தே தெரிஞ்சுக்குவோம். அந்தக் கடைசித் தறிக்காரி இந்தக் கடைசித் தறிக்காரிக்கு மாமியாளைப் பத்திக் கதை சொல்லுவா, முழுசாப் புரியும். இப்பல்லாம் சனங்க வாய்க்குள்ளயே பேசறாங்க. அதுக்கு என் காது என்ன பண்ணும்?

நான் காங்கேயம் போறேனுங்க. நாத்தனா வீட்டுக்கு. தெய்வாத்தான்னு பேரு, எங்க ஊட்டுக்காரருக்குத் தங்கச்சி. நாளைக்கு அவருக்கு மொத வருசத் திதி, அவ வீட்டுலதான் கும்பிடறாங்க. என்னைக் கூப்பிடலை. கட்டுன பொண்டாட்டி நான் உசுரோட இருக்கேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. நானாத்தான் போறேன். எழவு வீட்டுல அத்தனை ஒறம்பரைக்கு முன்னாடி அவ சொன்னது இன்னும் நெஞ்சுல நிக்குது. "எங்கண்ணன் உன்னையக் கூப்பிட்டுச்சா இல்லையா? அதைச் சொல்லீட்டு எங்க வாசப்படி ஏறு"ன்னா. இப்ப எங்கிட்டப் பதில் இருக்குது. அதைச் சொல்றதுக்குத்தான் போறேன்.

என்ன கேட்டீங்க? இருங்க, மொதல்லருந்து சொல்றேன். காங்கேயம் வர்றதுக்கு நேரம் இருக்குதே.

எங்களுக்குச் சோமனூர்ப் பக்கமுங்க. என் பேரு துளசிமணி. அவரு பேரு சென்னியப்பன். ரண்டு பேரும் ஒரே குடோன்ல தறி ஓட்டுனோம். ஒரே தறிகளையே ஓட்டுனோம்னு வெச்சுக்கங்க. பகல்ல நானு, ராத்திரி அவரு. நான் தறியை விட்டு எறங்கறப்ப அவரு ஏறுவாரு. குடோன் வாசல்ல சோத்துப் போசியை மாத்திக்குவோம். ரசம் வெச்சிருக்கேன், மோர் புளிச்சுப் போச்சு, அந்த மூணாவது தறில ஊடை நூலு அறுந்துக்கிட்டே இருக்குது பாத்துக்க. அவ்வளவுதான் பேச்சு. அதுவும் வாயசைப்புல. வீட்டுல ஒரே கட்டலு. ராத்திரி நான் படுப்பேன், பகல்ல அவரு படுப்பாரு. அந்தக் கட்டலு ஆறவே ஆறாது. ஷிப்டு இப்படி இருந்தாப் புள்ளை எங்கருந்து வரும்னு தெய்வாத்தா சிரிப்பா. வரலைதான். அதுக்கு என்ன பண்றது.

எங்க வீட்டுல சட்டம்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதானுங்க. தூங்கற ஆளை எழுப்பறதில்லை. எங்க லைன் வீடுக அத்தனைக்கும் அதான் சட்டம். ஒவ்வொரு வீட்டுலயும் எவனாவது ஒருத்தன் பகல்ல தூங்கிக்கிட்டுத்தான் இருப்பான். சண்டை போடறதுன்னாக்கூட வெளிய போயிக் கொழாயடில போட்டுக்குவோம். மிக்சி போடறது பொழுதோட, தூங்கற ஆளுக எந்திரிச்ச பின்னாலதான். லீவு நாள்ல நான் வீட்டுல இருந்தேன்னா ஒரு காக்கா கரைய விட மாட்டேன். அவரு தூக்கத்துக்கு நான்தான் காவல். எங்க லைன்ல கேட்டுப் பாருங்க, சென்னியப்பனாட்டம் நிம்மதியாத் தூங்குன ஆம்பளை எவனும் இல்லைன்னு சொல்லுவாங்க. அது என்னோட கைராசி.

பாருங்க, பேசிக்கிட்டே இருக்கறப்ப நான் இப்படி முன்சீட்டுக் கம்பில உள்ளங்கையை வெக்கறேன்ல, நீங்க ஒரு மாதிரி பாக்கறீங்க. கிறுக்கு இல்லைங்க. அதிருதான்னு பாக்கறேன். அதிருது. செரி. அதுக்கும் காரணம் இருக்குது, சொல்றேன்.

அன்னிக்கு மாசாமாசம் கரண்ட் நிறுத்தற நாளு. பகல் பூரா தறி ஓடாது. அதனால நான் வீட்டுல. அவரு ராத்திரி ஷிப்ட் முடிச்சு வெடியால வந்தாரு, நெஞ்சைக் கொஞ்சம் நீவிக்கிட்டாரு, வாய்வுன்னாரு. ஒரு சோடா குடிச்சுட்டுப் படுத்துட்டாரு. செவுரு பக்கமாத் திரும்பித்தான் படுப்பாரு எப்பவும். உங்க ஊட்டுக்காரராட்டத்தான்.

தறிக்காரனுக்கு ஒரு கெரகம் இருக்குது கண்ணு. தறி ஓடற சத்தத்துல நல்லாத் தூங்குவான். தறி நின்னாத்தான் முழிப்பு வரும். எங்க வீட்டுக்கு ஒரு பக்கத்துச் செவுரு குடோனோட செவுரு. பொழுதுக்கும் அதிர்ந்துக்கிட்டே இருக்கும். அன்னிக்கு அதிரலை. ஐயோ, இந்த அமைதில மனுசன் முழிச்சுக்குவாரேன்னு எனக்குப் பதட்டம். அன்னிக்கு நான் காத்த காவல் மாதிரி என்னிக்கும் காக்கலைங்க. கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு வாசப்படில உக்காந்துட்டேன். கீரைக்காரி வந்தா, கையை ஆட்டி அனுப்பிட்டேன். பக்கத்து வீட்டு மரகதம் வந்தா. எங்க ரண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் செவுருதான். அரக்கப் பரக்க ஓடியாந்து வாயைத் தொறந்தா. நான் இப்படி வெரலை வாயில வெச்சேன். அவ மறுபடியும் என்னமோ சொல்ல வந்தா. நான் முறைச்ச முறைப்புல அப்படியே நின்னா, வீட்டையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா, போயிட்டா. பாலுக்கு ஊத்த ஒறமோரு கேட்டு வந்திருப்பான்னு நெனைச்சேன். எப்பவும் ஒறமோருக்குத்தான் வருவா.

பொழுதோட கரண்ட் வந்துது. குடோன் அதிர ஆரம்பிச்சுது. ஷிப்டுக்கு நேரமாச்சேன்னு டீ வெச்சு எடுத்துக்கிட்டு உள்ள போனேன். நாங்க பேரைச் சொல்லியோ தோளைத் தொட்டோ எழுப்பறதில்லைங்க. கட்டல் காலைத் தட்டுவோம். தட்டுனேன். மறுபடியும் தட்டுனேன். அப்பறம்தான் பாதத்தைத் தொட்டேன். சில்லுன்னு இருந்துது. அந்தக் கட்டலு அன்னிக்குத்தான் கண்ணு ஆறிக் கெடந்துது.

அழுகலை. எனக்கு அழுகை வரலை. டீயை எங்க வெச்சேன்னே தெரியலை, அப்பறமா எவளோ சன்னல்லருந்து எடுத்துக் கொட்டுனா. ஆஸ்பத்திரில ஒரு சின்ன டாக்டரு, வெடியாலையே கூட்டிட்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்மா, இது மெல்ல மெல்ல வந்திருக்குதுன்னாரு. அவருக்கென்ன, சொல்லீட்டுப் போயிட்டாரு.

எழவுல வெச்சுத்தான் மரகதம் ஆரம்பிச்சா. அவளுக்குக் கேட்டுதாம். செவுருக்கு அந்தப் பக்கம் சமையக்கட்டுல நின்னுக்கிட்டிருந்தாளாம். "மணி, மணி"ன்னு அண்ணன் கூப்பிட்டுச்சு, பலமாவே கூப்பிட்டுச்சு, இந்தக்கா வாசல்லயே உக்காந்திருந்துச்சுன்னு தெய்வாத்தாகிட்டச் சொல்லிட்டா. அப்பறம் ஏண்டி எங்கிட்டச் சொல்லலைன்னா, சொல்லத்தான் வந்தேன், நீங்கதான் வாயில வெரலை வெச்சுட்டீங்கங்கறா. ரோசனை பண்ணிப் பாருங்க. கரண்ட் இல்லாத நாளு, தறி ஓடலை, ஈ பறந்தாக்கூடக் கேட்கற நேரம். நான் கதவுகிட்ட உக்காந்திருக்கேன். எனக்குக் கேட்கலை. செவுருக்கு அந்தப் பக்கம் நிக்கறவளுக்குக் கேட்டுதாமா? எனக்குக் கேட்கலைன்னா அவரு கூப்பிடலை. அவ்வளவுதானே கணக்கு? இதைச் சொன்னா தெய்வாத்தா என்னைய ஒரு பார்வை பாத்தா பாருங்க, அந்தப் பார்வையைக் கொண்டுக்கிட்டுத்தான் ஒரு வருசமா இருக்கேன்.

மரகதம் இப்ப அந்த வீட்டைக் காலி பண்ணிக்கிட்டுப் போயிட்டா. மனசு உறுத்தியிருக்கும், பொய் சொன்னமேன்னு.

அதோட விட்டாங்களா? தெய்வாத்தா கனவுல அவரு வர்றாராம். வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் வந்துர்றாராம். வந்து தண்ணி கேட்கறாராம். பெரியப்பா மகன் கனவுல வந்தாராம், குடோன் மொதலாளி கனவுலகூட வந்து ஊடை செரியில்லைன்னாராம். ஊர்ல இருக்கற அத்தனை பேரு தூக்கத்துலயும் போயிட்டு வர்றாரு. எங்கிட்ட மட்டும் வரலை. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எட்டிப் பாக்கலைங்க. அவரு தூங்கறதுக்கு நான் காவல் காத்தேன், நான் தூங்கறப்ப வந்து என்ன ஏதுன்னு கேட்கறதுக்கு அவருக்கு மனசு வரலை. எனக்கு ஆத்திரமா வந்துது. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருந்த அவரு போட்டோவைக் கூடத் திருப்பி வெச்சுட்டேன் கொஞ்ச நாளு.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். நேர்ல நின்னு, கூப்பிட்டீங்களா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்கணும். அவளும் சொல்லறா, இவளும் சொல்லறா. கூப்பிட்ட ஆளே சொன்னாத்தானே நெசம்?

அவரு ஷிப்டை நான் வாங்கிக்கிட்டேன். ராத்திரி தறி ஓட்டறது, பகல்ல அவரு படுத்த பக்கமே படுக்கறது. நான் தூங்கறப்ப மட்டும் லைன்ல அத்தனை கூத்தும் நடக்கும். எனக்கு உஸ்னு சொல்ல ஆளு இல்லை பாருங்க. ஒரு நாளு தூக்கம் வராம போனை எடுத்து, அதுகிட்டப் பேசுனா அதுவே தேடிக் குடுக்குமில்ல, செத்தவங்களைக் கனவுல வரவெக்கறது எப்படின்னு கேட்டேன். மொதல்ல பரிகாரம், தாயத்துன்னு வந்துது. அப்பறம் ஒரு வீடியோவுல ஒரு தாடிக்காரன் வந்தான். கனவு காங்கறப்பவே இது கனவுன்னு தெரிஞ்சுக்கலாமாம். தெரிஞ்சுக்கிட்டா அதுக்குள்ள நாம நெனைச்சதைப் பண்ணலாமாம், நெனைச்ச ஆளைப் பாக்கலாமாம். விழிப்புக் கனவுன்னு பேரு வெச்சிருக்கான். ஆனா அந்தப் பாவி மீசையை வாய் மேல வழிய விட்டிருக்கான். என்ன சொல்லறான்னு பாதி புரியலை. வாயைத் தொறந்து பேசத் தெரியாதவனுக்கு எதுக்கு வீடியோவு? தேடித் தேடி ஒரு அம்மிணியைப் புடிச்சேன். சுத்தமா, திருத்தமா, வாயை நல்லா அசைச்சுப் பேசறா. அவதான் எனக்கு வாத்தியாரு.

புதுசாப் பழகறவங்க என்ன பண்ணணும்னா, முழிச்சிருக்கறப்பவே அடிக்கடி இது கனவா நெசமான்னு கேட்டுக்கணும். வெறுமனே கேட்டாப் போதாது, சோதிச்சுப் பாக்கணும். உள்ளங்கையைப் பாரு, வெரலை எண்ணுன்னா. கனவுல வெரலு எச்சாக் கம்மியா இருக்குமாம். இதையே பழகிட்டா, ஒரு நாளு கனவுக்குள்ளயும் அதே ஞாபகத்துல வெரலைப் பாப்போமாம், அப்ப குட்டு ஒடைஞ்சுருமாம். நானும் பாத்தேன். ஊடை மாத்தறப்பப் பாத்தேன், சோறு பெசையறப்பப் பாத்தேன். குடோன்ல துளசிக்கா கைரேகை பாக்குது, ரண்டாங் கலியாணம் எப்பன்னு தேடுதுன்னு சிரிச்சாளுக. சிரிச்சுட்டுப் போறாளுக.

படுக்கறப்ப, இப்ப வர்றது கனவு, நான் தெரிஞ்சுக்குவேன், இப்ப வர்றது கனவு, நான் தெரிஞ்சுக்குவேன்னு சொல்லிக்கிட்டே படுக்கணும். முழிச்சதும் அசையாமக் கெடந்து என்ன கண்டோம்னு ரோசிக்கணும். கண்டதை எழுதி வெக்கச் சொன்னா, எனக்கும் எழுத்துக்கும் ரொம்ப தூரம், விட்டுட்டேன்.

வெரலு எனக்குச் செரிப்பட்டு வரலைங்க. கனவுலயும் அஞ்சாத்தான் இருந்துது. அப்பறம் நானாக் கண்டுபுடிச்சேன் ஒரு சோதனை. செவுரு. எங்க வீட்டுச் செவுருல கையை வெச்சா அதிரும், பகலும் ராத்திரியும். கனவுல அதிராது. எந்தக் கனவுலயும் தறி ஓடறதே இல்லை. ஒரு நாளு அடுப்படில நின்னு வெங்காயம் அரியறேன், செவுருல சாஞ்சேன், சும்மா கெடக்குது. ஏன்டா இது அதிரலைன்னேன். அந்த நிமிசம் தெரிஞ்சு போச்சு, இது கனவு! ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு கண்ணு. வெங்காயத்தைப் போட்டுட்டு, ஏனுங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே ஓடுனேன், கட்டலுகிட்டப் போறதுக்குள்ள முழிப்பு வந்துருச்சு. புதுசாப் பழகறவங்களுக்கு அப்படித்தானாம். சந்தோசம் தாங்காம முழிச்சுக்குவாங்களாம். ரண்டு கையையும் நல்லாத் தேய்ச்சுக்கிட்டா கனவு கலையாதுன்னு அந்த அம்மிணி சொல்லுச்சு.

அடுத்த தடவை தேய்ச்சேன். கனவு நின்னுது. உள்ள போனேன். கட்டல்ல ஆளு இல்லை. கையை வெச்சுப் பாத்தேன், சூடா இருந்துது. இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காரு. ஷிப்டுக்குப் போயிட்டாருன்னு நெனைச்சேன். ஆயுசு பூரா மாறி மாறிப் படுத்தோம், கனவுலயும் மாறித்தான் வருவாராட்டம் இருக்குதுன்னு அன்னிக்கு அழுதேன் பாருங்க. செத்தப்பக்கூட அப்படி அழுகலை.

நடுவுல ஒரு பயம் வேற. ஒரு மத்தியானம் முழிப்பு வந்துருச்சு, கண்ணு தொறந்திருக்குது, ஒடம்பு அசைய மாட்டேங்குது. நெஞ்சு மேல ஆரோ உக்காந்தாப்பல. அமுக்குவான்னு சொல்லுவாங்களே, அது. கத்திக் கூப்பிடறேன், சத்தமே வரலை. வாசல்ல ஆளுக நடமாடறது நெழலாத் தெரியுது. ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. இதைப் பழகுனா ஒவ்வொருத்தருக்கு இப்படியும் வருமாம், பயப்படாத, தானா விட்டுரும்னு அந்த அம்மிணி சொல்லியிருக்கா. விட்டுருச்சு. ஆனா அன்னிக்கு எனக்கு ஒரு நல்லது புரிஞ்சுது கண்ணு. கூப்பிடணும்னு நெனைச்சாலும் மனுசனால கூப்பிட முடியாது. சத்தம் வராது. அப்ப அவருக்கும் வந்திருக்காதில்ல? எனக்கு மனசு லேசாச்சு. தெய்வாத்தாளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என்ன சொன்னான்னு போன்ல செரியாக் கேட்கலை. அவளும் வாய்க்குள்ளதான் பேசுவா.

என்னங்க? எங்க வந்திருக்கோம்? படியூரா? கம்பில முட்டிக்கிட்டேன், என்ன பிரேக்கு போடறான் பாருங்க. மாடு குறுக்க வந்துருச்சாட்ட இருக்குது. பின்சீட்டுக் கொழந்தை பயந்து கத்துது. உங்களுக்கு ஒண்ணும் படலையே? ஊட்டுக்காரரு பாருங்க, அசையலை. கொடுத்து வெச்ச தூக்கம்.

போன வாரம்தானுங்க அது நடந்துது. செவுரு அதிரலை. கையைத் தேய்ச்சேன். உள்ள போனேன். கட்டல்ல அவரு. அன்னிக்குக் கட்டியிருந்த அதே பச்சைக் கோடு போட்ட கைலி, முதுகைக் காட்டிக்கிட்டு, மரகதம் வீட்டுச் செவுரு பக்கமாத் திரும்பிப் படுத்திருக்காரு. முதுகு ஏறி எறங்குது. மூச்சு விடறாரு கண்ணு! கட்டல் காலைத் தட்டறதுக்குக் கையைக் கொண்டு போயிட்டேன். போனது அப்படியே நின்னுருச்சு. பாவம், இப்பத்தானே ஷிப்ட் முடிச்சு வந்திருக்காரு. எழுப்பறதுக்கு மனசு வரலை. கனவுதான்னு நல்லாத் தெரியுது, ஆனாலும் வரலை. எத்தனை வருசத்துச் சட்டம்.

கூப்பிட்டீங்களான்னு முதுகுகிட்டயே கேட்டேன். அவரு பதில் சொல்லறாரு. தாடை அசையறது பின்னாலருந்து தெரியுது. ஆனா வாயைப் பாத்தாத்தானே எனக்குப் புரியும்? அந்தப் பக்கம் போக எடமில்லை, செவுரு. அந்த அம்மிணி சொன்னது ஞாபகம் வந்துது, கனவுன்னு தெரிஞ்சுக்கிட்டா நீ சொன்னபடி அது கேட்கும்னு. பறக்கறாங்களாம், மலைமேல நடக்கறாங்களாம். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. வெலகுன்னேன் செவுரைப் பாத்து. வெலகிருச்சு.

அந்தப் பக்கம் மரகதத்தோட சமையக்கட்டு. அவ இல்லை. அவ நின்ன எடத்துல நான் நிக்கறேன். அங்கருந்து பாத்தா அவரு மூஞ்சி நல்லாத் தெரியுது, கை நீட்டுனா எட்டற தூரம். கண்ணு தொறந்திருக்குது. வேர்த்திருக்குது. சத்தம் ஒண்ணும் இல்லை, வாய் மட்டும் அசையுது. தறியடில நின்னு எத்தனை வருசம் பாத்த வாயி அது, தப்பாப் படிக்க மாட்டேன். மணி. மணி. மணி. என்னையப் பாக்கலை, எனக்குப் பின்னால ஆரையோ தேடறாரு. திரும்பிப் பாத்தேன். எங்க வீட்டு வாசப்படில ஒருத்தி உக்காந்திருக்கா, முதுகு தெரியுது. ஒரு கையி மேல எந்திரிச்சு, வாயில வெரலை வெக்குது.

அதோட முழிச்சுக்கிட்டேன்.

அட, நீங்க ஏன் கண்ணு கண்ணைத் தொடைக்கறீங்க? முழுசாக் கேளுங்க. மொதல்ல எனக்கும் திக்குன்னுதான் இருந்துது. ரண்டு நாளு சோறு எறங்கலை. அப்பறம் அந்த அம்மிணி வீடியோவை மறுபடியும் போட்டுப் பாத்தேன். அதுல தெளிவாச் சொல்லறா. கனவுல வர்ற ஆளுக நெச ஆளுக இல்லையாம். அவங்க வாயில வர்றதெல்லாம் நம்ம மனசு சொல்லறதாம். நமக்குள்ள ஏற்கெனவே இருக்கறதைத்தான் அவங்க சொல்லுவாங்களாம். எனக்கு உசுரே திரும்பி வந்துது. அப்ப அது அவரு இல்லையே! அவரு கூப்பிடலை. அது பூரா நான்தான். என் மனசு சொன்னதுதான். பாத்தீங்களா? இதைத்தான் தெய்வாத்தா மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லப் போறேன். உங்கண்ணன் கூப்பிடலைடி, நான் நேர்லயே போயிப் பாத்துட்டேன்னு.

நான் சொன்னது செரிதானுங்களே?

ஆளுகெல்லாம் எறங்கறாங்க, ஏன்? என்னது? என்னையப் பாத்துச் சொல்லுங்க. காங்கேயமா? வந்துருச்சா? கண்டக்டரு சொல்லவே இல்லையே. சொன்னாருங்களா? ரண்டு தடவையா? செரி, எனக்கு முதுகைக் காட்டி நின்னிருப்பாரு, வாய்க்குள்ள சொல்லியிருப்பாரு. அந்தப் பையை இப்படிக் குடுங்க கண்ணு. புண்ணியமாப் போகும். தாராவரம் போயிச் சேர்ந்து நல்லா இருங்க.

இருங்க. இந்தக் கம்பி அதிரலையே.

எஞ்சினை நிறுத்திட்டாங்களா? நெசமாவா? டிரைவரு சீட்டுல ஆளைக் காணோம். டீ குடிக்கப் போயிட்டாருங்கறீங்களா. இருக்கும். வெரலைப் பாக்கறேன், அஞ்சும் இருக்குது. ஆனா அந்தச் சோதனை எனக்குச் செரிப்பட்டு வராதே.

கண்ணு, உங்க ஊட்டுக்காரரு திருப்பூர்ல பஸ் ஏறுனதும் திரும்புனது, திரும்புனபடியே இருக்காரு. பிரேக்குப் போட்டப்ப நான் முட்டிக்கிட்டேன், அந்தக் கொழந்தை கத்துச்சு, அவரு அசையலை. எழுப்புங்க.

இல்லைங்க, அசதியாத்தான் இருக்கும். தெரியும். இருந்தாலும் எழுப்புங்க. வேண்டாம், அந்த வெரலை வாயில வெக்காதீங்க. அந்தக் கையைக் கீழ எறக்குங்க கண்ணு, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். வண்டி கெளம்புனாக் கெளம்பட்டும், தெய்வாத்தா வீடு எங்கியும் ஓடிப் போயிராது. நான் எறங்க மாட்டேன். தோளைத் தொட்டு எழுப்புங்க. இந்தப் பக்கமாத் திருப்புங்க. அவரு வாயைப் பாத்துட்டு எறங்கிக்கறேன்.